இருபத்து நான்காவது பெயர்

ஷிமவோகா அவர்களுக்கு,

நீங்கள் விட்டுச்சென்ற போர்நினைவுப் புத்தகத்தின் அச்சுப்படியை இரண்டு முறை படித்துவிட்டேன். நல்ல உழைப்பு. எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். நம் ஒகுநாகி ஊரில் இந்தப் புத்தகத்தை வாங்கப்போகிறவர்கள் எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். நானே பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

சில்லறைத் திருத்தங்களை ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் பள்ளிக்கூடப் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது; மணிக்கம்பம் கிழக்கே இருந்தது. கவாசே வீட்டுப் பையன் "வீரப்போர் புரிந்து மாண்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் கப்பலிலேயே வயிற்றுப்போக்கில் செத்தான். பெற்றவளே அதை ஊரெல்லாம் சொல்லி அழுதாள். வயிற்றுப்போக்கில் செத்தவனுக்கு உங்கள் புத்தகத்தில் இடமில்லை என்றால் அந்தப் புத்தகம் எதற்கு? போரில் செத்தவர்களை நினைவுகூர்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்பதை மட்டும் மறைப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். "அண்ணனின் நினைவுக்கே தன் வாழ்நாளைத் தந்த தம்பி, நினைவுக்கல்லின் காவலர் எகுசா தமோட்சு." அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். அதோடு, நம் ஊரிலிருந்து போய்த் திரும்பாத இருபத்தேழு பேரின் பட்டியலில் இருபத்து நான்காவது பெயருக்கு எதிரே ஒரு பிழை இருக்கிறது. எகுசா யசுஹாரு, என் அண்ணன். இறந்த நாள் 1945 ஜூன் என்றும், இடம் லூசான் தீவு என்றும் இருக்கிறது. இரண்டுமே தவறு.

சரியான நாளையும் இடத்தையும் ஒரு வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் காரணம் கேட்பீர்கள். அடுத்த மாதம் இருபதாம் தேதி புதிய சாலைக்காக இடுகாட்டைத் தோண்டி, கல்லறைகளை மேட்டுக்கு மாற்றப்போகிறார்கள். எங்கள் வீட்டுக் கல்லறைகள் மூன்றாவது வரிசை. அதற்கு முன் நானே சொல்லிவிடுவது முறை என்று நினைக்கிறேன்.

நீங்கள் பட்டணத்தில் பிறந்தவர். எங்கள் மலையில் இரண்டாவது மகனாகப் பிறந்தவனுக்கு ஒரு பெயர் உண்டு. ஆறின சோறு. அடுப்பிலிருந்து இறக்கிய சோறு முதலில் அப்பாவுக்கு, அடுத்து மூத்த மகனுக்கு. மிஞ்சி ஆறிக் கிடப்பதுதான் மற்றவனுக்கு. வீடு, வயல், காடு எல்லாம் மூத்தவனுக்குப் போகும். இளையவன் அண்ணன் வீட்டிலேயே மாடுபோல உழைத்துவிட்டு, கல்யாணமும் இல்லாமல் கட்டையைச் சாய்க்க வேண்டும். இதைச் சொல்லி அழவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேருடைய கதை இதுதான்.

அண்ணன் கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். கலகலப்பாகப் பேசுவான், தன் பழைய சட்டையைக் கொடுப்பான், கிழிந்த பட்டத்தைக் கொடுப்பான், கொடுத்துவிட்டு என் தலையைத் தட்டுவான். எனக்கு ஒன்பது வயதில் அவன் விளையாட்டாக அறைந்த அறையில் என் இடது காது போயிற்று. பத்து வருடம் கழித்துப் படைக்கு ஆள் எடுக்க வந்த வைத்தியர், அந்தச் செவிட்டுக் காதைப் பார்த்துவிட்டு என்னை மூன்றாந்தரம் என்று ஒதுக்கினார். அண்ணன் சிரித்தான்.

"பாத்தியாடா தமோ, அண்ணன் அடிச்ச அடி வீணாப் போகல."

ஆக, உயிரோடு இருப்பதற்கும் நான் அவனுக்கே நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

1944 வசந்தத்தில் அவனுக்குப் படைக்கு அழைக்கும் சிவப்புத் தாள் வந்தது. கோயில் திடலில் கொடி, மேளம், பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு, ஊர்த்தலைவரின் சொற்பொழிவு. அந்த ஊர்த்தலைவரின் மகன் மட்டும் கடைசிவரை கிடங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து பேனா பிடித்தான். அதையும் உங்கள் புத்தகத்தில் காணோம். அண்ணனுக்கு இருபத்தெட்டு வயது. அவன் மனைவி நோபுயோவுக்கு இருபத்திரண்டு. அவள் முதுகில் கட்டியிருந்த துணிக்குள் எட்டு மாதக் குழந்தை இட்சுகோ தூங்கிக்கொண்டிருந்தாள்.

போர் முடிந்த இலையுதிர் காலத்தில் அவன் இறந்துவிட்டதாகக் காகிதம் வந்தது. தை மாதக் குளிரில் வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி வந்தது. ரயிலடியிலிருந்து கணவாய் ஏறி இறங்கி, அதை நான்தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே ஏதோ உருண்டது. அப்படிப்பட்ட பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது வழக்கம். என் அம்மா திறந்தாள். உள்ளே ஒரு கூழாங்கல் இருந்தது.

"ஏன், நம்ம மலையில இல்லாத கல்லா? இதக் குடுக்கத்தான் எம்புள்ளயக் கொண்டுபோனானுங்களா?" என்று கத்தினாள். அதை வாசலில் எறியப் போனாள். நோபுயோதான் பிடுங்கித் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். அந்தக் கல்லைத்தான் பூசை செய்து அடக்கம் செய்தோம். ஊருக்கே இது தெரியும். இட்சுகோவும் கேட்டு வளர்ந்த கதைதான். அதனால் அடுத்த மாதம் தோண்டுகிறவர்களும் அங்கே ஒரு கல்லைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

நாற்பத்தொன்பதாம் நாள் பூசை முடிந்ததும் சொந்தக்காரர்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்பா முன்பே இறந்துவிட்டார்; வீட்டுக்கு ஆண் வேண்டும், வயலுக்கு ஆள் வேண்டும், குழந்தைக்கு அப்பா வேண்டும். எங்கள் பக்கம் இதற்கு ஒரே வழிதான். செத்தவனின் தம்பி அண்ணியைக் கட்டிக்கொள்வது. அந்த வருடம் பக்கத்து ஊர்களிலும் சேர்த்து இப்படி ஆறு கல்யாணம் நடந்தது. நோபுயோவை யாரும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. என் பெரியப்பா கோன்சாபுரோ புகைக்குழலைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னடா முழிக்கிற? ஆறின சோத்துக்குச் சூடாவே சோறு கெடச்சிருக்கு. உக்காந்து தின்னு."

எல்லோரும் சிரித்தார்கள். செத்தவன் வீட்டில், அவன் மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது. ஐம்பது வருடம் ஆகிறது. அந்தச் சிரிப்பு இன்றும் என் நல்ல காதில் கேட்கிறது. பெரியப்பா பின்னால் பக்கவாதத்தில் நான்கு வருடம் படுத்தபடியே கிடந்தார். நான் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று நோபுயோ ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இனிமே என்ன அண்ணின்னு மட்டும் கூப்பிடாதீங்க. அது போதும் எனக்கு."

நான் இங்கே உண்மையைத்தான் எழுதுகிறேன். அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே எனக்கு அவள்மேல் ஆசை இருந்தது. அவள் மணப்பெண்ணாக வந்திறங்கிய நாளிலிருந்தே இருந்தது. அதற்காக அண்ணன் சாக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. ஆனால் அவன் செத்தான் என்று காகிதம் வந்தபோது எனக்கு வந்தது துக்கம் மட்டும்தான் என்றும் சொல்லமாட்டேன்.

அதன்பின் ஒன்றரை வருடம் நான் மனிதனாக வாழ்ந்தேன். குழந்தை என்னை அப்பா என்றது. கூட்டத்தில் என் பேச்சை நான்கு பேர் கேட்டார்கள். அடுத்த குளிரில் அம்மா இறந்தாள். இறக்கும்போது என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். நோபுயோ உண்டானாள்.

1947 அக்டோபர் பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. ஊரில் எல்லோரும் வயலில் இருந்தார்கள். நான் கணவாய்ப் பாதையோரத்துக் கரிச்சூளையில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். உச்சிப்பொழுதில் மேலேயிருந்து ஒருவன் இறங்கி வந்தான். பதவிப்பட்டையெல்லாம் பிய்த்தெடுத்த படைச்சட்டை, தோளில் ஒரு துணிப்பை. என் செவிட்டுக் காதுப் பக்கமாக வந்ததால் அருகில் வரும்வரை எனக்குத் தெரியவில்லை.

"டேய், அப்பிடி முழிக்காதடா. கால் இருக்கு பாத்துக்கோ," என்று ஒரு காலைத் தூக்கி ஆட்டிக் காட்டினான். பேய்க்குக் கால் கிடையாது என்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம்.

அண்ணனுடைய பற்கள் பாதி போயிருந்தன. குரல் அதேதான்.

"காய்ச்சல்ல கெடந்தேன். நடக்க முடியாதவன விட்டுட்டுப் போய்ட்டானுங்க. விட்டுட்டுப் போனவன எல்லாம் செத்தவன்னு எழுதிட்டானுங்கபோல. முகாம்ல ரெண்டு வருஷம். அம்மா எப்பிடி இருக்காங்க?"

"போன குளிர்ல போய்ட்டாங்க, அண்ணா."

அவன் விறகுக்குவியல்மேல் உட்கார்ந்தான். பையைக் காலடியில் இறக்கி வைத்தான்.

"உன் பெட்டி வந்துச்சு," என்றேன். "அடக்கம் பண்ணிட்டோம்."

"உள்ள என்னடா இருந்துச்சு?"

"கூழாங்கல்லு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "கஞ்சப் பசங்க. ஒரு எலும்பாச்சும் போட்டிருக்கலாம்ல. அங்க எலும்புக்கா பஞ்சம்?"

அதன்பின் நோபுயோவைப் பற்றிக் கேட்டான். நான் சொன்னேன். பெரியப்பா சொன்னதை, சொந்தக்காரர்கள் முடிவு செய்ததை, அவள் உண்டாகியிருப்பதை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முடித்தபின் அவன் ஒன்று மட்டும் கேட்டான்.

"எத்தன மாசம்?"

"ஏழு."

"ம். சோறு இருக்காடா? காலைலேந்து தண்ணிதான்."

என் மதியச் சோற்றை எடுத்துக் கொடுத்தேன். வாற்கோதுமை கலந்த சோறும் முள்ளங்கி ஊறுகாயும். குளிர்ந்துபோயிருந்தது. ஒரு பருக்கை விடாமல் தின்றான். தின்றுகொண்டே கீழே எங்கள் வீட்டைப் பார்த்தான். சூளையிலிருந்து பார்த்தால் முற்றம் தெரியும். நோபுயோ வயலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். இறவாணத்தில் சீமைப்பனிச்சைப் பழங்களைத் தோலுரித்துக் காயவைக்கக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். இட்சுகோ சிவப்புச் சட்டையில் அவளைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு சில வார்த்தைகள் பேசினான். பையை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

ஷிமவோகா அவர்களே, அவன் ஊருக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பொறுமையாக யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் இரண்டு புருஷன். ஏழு மாத வயிறு. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதே வருடம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் இப்படித்தான் ஒருவன் திரும்பி வந்தான். மூன்றாம் நாள் அவன் மனைவி கைக்குழந்தையோடு அணையில் விழுந்தாள். இரண்டு புருஷர்களும் சேர்ந்து பிணத்தைத் தூக்கினார்கள். அப்படி ஒன்று என் வீட்டில் நடக்க நான் விடக்கூடாது அல்லவா? நோபுயோவுக்காக, வயிற்றில் இருந்த பிள்ளைக்காக, இட்சுகோவுக்காக, ஒருவர் ஏதாவது செய்துதான் ஆக வேண்டியிருந்தது. அங்கே இருந்தவன் நான் ஒருவன்தான்.

யோசித்துப் பார்த்தால், புதிதாக நான் ஒன்றும் செய்யவில்லை. அரசாங்கம் அவன் செத்தான் என்று முத்திரை குத்தி எழுதிக் கொடுத்திருந்தது. மடத்துப் பூசாரி அவனுக்குச் செத்தவர்களுக்கான பெயரும் வைத்துவிட்டார். அம்மா அழுது முடித்துவிட்டாள். ஊர் முழுக்க வந்து கறுப்பு உடுத்தி நின்றுவிட்டுப் போய்விட்டது. நடக்காமல் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

கோடரியின் பின்பக்கத்தால், தொப்பிக்குக் கீழே, ஒரே அடி. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வலித்திருக்காது என்று நினைக்கிறேன்.

கரிச்சூளை பக்கத்திலேயே இருந்ததே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அது தோன்றவே இல்லை. அவன் அநாதை இல்லை, நாட்டுக்காகப் போனவன், அவனுக்கென்று முறையாகத் தோண்டிய குழி ஒன்று இடுகாட்டில் இருந்தது. வைக்கோல் சாக்கில் சுற்றி, கரிமூட்டைகளோடு மூட்டையாக முதுகுச்சட்டத்தில் கட்டி, மரங்களுக்கு நடுவே இறக்கிக்கொண்டு போனேன். எலும்பும் தோலுமாக இருந்தான். மூன்று மூட்டைக் கரியைவிட எடை குறைவு. ஒன்றேமுக்கால் வருடம்தான் ஆகியிருந்தது. மண் இளகியே இருந்தது. கல் இருந்த பெட்டியை வெளியே எடுத்தேன், அவனைக் கிடத்தினேன், பெட்டியை அவன் நெஞ்சுமேல் வைத்து மூடினேன். எல்லாவற்றையும் வெளிச்சம் இருக்கும்போதே செய்தேன். தம்பி அண்ணன் கல்லறையில் வேலை செய்வதற்கு ஒளிய வேண்டியதில்லை.

மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஒதோரா அக்கா நெற்கட்டோடு அந்த வழியாக வந்தாள். சுமையை இறக்கிவிட்டு இடுகாட்டு வேலியோரம் நின்று பார்த்தாள்.

"அறுப்புக் காலத்துலயும் அண்ணனப் பாக்க வந்துட்டியா தம்பி? ஒடம்பெல்லாம் மண்ணு பாரு. எங்க வீட்லயும்தான் இருக்கானே ஒருத்தன், அண்ணன் கல்லறைக்கு ஒரு பூ வச்சிருப்பானா?"

"மழையில மண்ணு எறங்கிடுச்சுக்கா," என்றேன்.

"இறங்கத்தான் செய்யும். உள்ள ஒண்ணுமில்லாத குழியாச்சே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒதோரா இதை ஊரெல்லாம் சொன்னாள். நான் அண்ணன்மேல் உயிரையே வைத்திருக்கிறவன் என்ற பேச்சு அன்றுதான் தொடங்கியது. உங்கள் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு மூலம் அதுதான். நீங்கள் விசாரித்து எழுதியது தப்பில்லை. விசாரித்த எல்லோரும் உங்களிடம் உண்மையைத்தான் சொன்னார்கள்.

நோபுயோவுக்கு எதுவும் தெரியாது. மறுநாள் காலை ஒதோரா சொன்னதைக் கேட்டுச் சாமந்திப்பூ எடுத்துக்கொண்டு போனாள். மண்மேடு முன்பைவிட ஒரு சாண் உயரமாக இருந்ததைப் பார்த்திருப்பாள். திரும்பி வந்து கைகால் கழுவிக்கொண்டு எனக்குச் சோறு போட்டாள். அதுவரை மாதம் தவறாமல் கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தவள், அதன்பின் போகவில்லை. முட்டிவலி என்றாள். இருபத்தைந்து வயதில் முட்டிவலி. டிசம்பரில் ஆண் குழந்தை பிறந்தது. அண்ணன் பெயரில் பாதியை எடுத்து யசுவோ என்று அவளே வைத்தாள். நான் தடுக்கவில்லை. நாற்பத்தெட்டு வருடம் என்னோடு குடும்பம் நடத்தினாள். ஒரு வார்த்தை அதிர்ந்து பேசியதில்லை. சிரித்ததும் இல்லை. இந்த மார்ச்சில் இறந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். தெரிந்திருந்தால் கேட்டிருப்பாள் அல்லவா?

1952-இல் அமெரிக்கர்கள் போனபின் நினைவுக்கல் வைக்கும் பேச்சு வந்தது. கோயில் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சாராய ஆலை வைத்திருந்த ஹிரானோ குடும்பத்துக்காரர் படைப்பதவி வரிசையில் பெயர்களைப் பொறிக்க வேண்டும் என்றார். அவர் மகன் லெப்டினன்ட். அவன் பெயர் உச்சியிலும், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பெயர்கள் அவன் செருப்புக்குக் கீழேயும் வர வேண்டுமாம். நான் எழுந்து நின்று கத்தினேன். வாழ்க்கையில் நான் ஊர்முன்னே கத்தியது அந்த ஒருமுறைதான்.

"செத்தவனுக்கு என்னய்யா பதவி? பசியில செத்தானுங்க, நாய் மாதிரி செத்தானுங்க. இனிமேயும் உம்ம பிள்ளைக்குக் கூழக் கும்பிடு போடணுமா? செத்த தேதிப்படி போடுங்க. யார் முதல்ல போனானோ அவன் முதல்ல."

பின்வரிசையில் ஒரு விதவை கைதட்டினாள். அப்படித்தான் தேதி வரிசை வந்தது, அண்ணன் இருபத்து நான்காவதாக வந்தான். பட்டியலை என் கையால்தான் எழுதிக் கொடுத்தேன். 1945 ஜூன், லூசான் என்றே எழுதினேன். அரசாங்கக் காகிதத்தில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதினேன், அவ்வளவுதான். அந்தப் பொய் என்னுடையது இல்லை. உண்மைப்படி அவன் கல்லின் கடைசியில் வர வேண்டும். ஒகுநாகியின் கடைசிப் போர்ச்சாவு அவனுடையது. ஆமாம், போர்ச்சாவுதான். அந்தச் சிவப்புத் தாளை அனுப்பியவர்கள் யார்? உயிரோடிருந்தவனைச் செத்தான் என்று எழுதியவர்கள் யார்? கல்லைப் பெட்டியில் போட்டு அனுப்பியவர்கள் யார்? அவர்கள் எல்லோரும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு படுக்கையில் செத்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட நீங்கள் போய் விசாரிக்கவில்லை.

நாற்பத்து மூன்று வருடமாக ஆகஸ்டு பதினைந்தில் அந்தக் கல்லின்முன் நின்று இருபத்தேழு பெயர்களையும் நான்தான் வாசிக்கிறேன். பாசி சுரண்டுவது, சுற்றிலும் புல் பிடுங்குவது எல்லாம் நான்தான். வாசிக்கும்போது யாராவது பேசினால் எனக்குப் பொறுக்காது. போன வருடம் மாகாண மன்றத்து ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசிப்பதை நிறுத்தி, அவர் தலைகுனியும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்து நான்காவது பெயரை வாசிக்கும்போது என் குரல் ஒருநாளும் தடுமாறியதில்லை. ஊர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இட்சுகோ முன்னால் வந்து, அப்பாவின் பெயரை விரலால் தடவிவிட்டு, என்னைப் பார்த்துக் குனிந்து வணங்குவாள். அவளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. என்னை இன்னும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள்.

அவளிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் படித்தவர்; எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத் தெரியும்.

சட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இப்படிப்பட்ட குற்றத்துக்குப் பதினைந்து வருடம்தான் கெடு என்று 1962-லேயே படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த அக்டோபர் இருபதாம் தேதி எழுந்தபோது மனசு லேசாக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. வழக்கம்போல மாட்டுக்குப் புல் அறுக்கப் போனேன்.

இனி இடத்தைத் துல்லியமாகக் குறிக்க வேண்டும். நாளைப் பற்றிச் சந்தேகம் இல்லை, மேலே எழுதிவிட்டேன். போன வாரம் நீங்கள் அந்தப் பாதையில் நடந்து வரைபடம் போட்டபோது கரிச்சூளையின் இடிந்த சுவரைப் பார்த்தீர்கள். அந்தச் சுவரிலிருந்து முப்பது அடி. ஒரு பெரிய பாறை இருக்கிறது, அதன் அருகே.

பாறை சுவருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது உங்கள் வரைபடத்திலேயே இருக்கும். அதனால் மறைத்துப் பயனில்லை. ஊர்ப்பக்கம் அல்ல. மேலே, கணவாய்ப் பக்கம்.

அவன் இறங்கிக்கொண்டிருக்கவில்லை. ஏறிக்கொண்டிருந்தான். வந்த வழியே ரயிலடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். முற்றத்தைப் பார்த்து முடித்தபின் அவன் பேசிய வார்த்தைகள் இவை: "சசேபோ துறைமுகத்துல ஆள் எடுக்கறாங்கடா. நான் அங்கேயே இருந்துக்கறேன். செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும். நான் வந்தத யாருகிட்டயும் சொல்லாத, அவ பாவம்."

நான் சரி என்று தலையாட்டினேன். அவன் முப்பது அடி போனான். போனவன் நின்று, திரும்பி, சின்ன வயதில் பழைய சட்டையை என்மேல் தூக்கிப்போட்டுச் சிரிப்பானே, அதே சிரிப்பைச் சிரித்தான்.

"எல்லாத்தையும் நீயே வச்சுக்கடா. வீடு, வயலு, அவ, புள்ள எல்லாம். நான் குடுத்ததாவே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு முதுகைத் திருப்பினான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் அவன் பாட்டுக்குப் போயிருந்தால், இன்று அவனுக்கு எழுபத்தொன்பது வயது.